ஹியர்பை தங்கவேலு

"ஹியர்பை போட்டு நான் அறுத்துவிட்டதை எமனே வந்தாலும் ஒட்ட முடியாது. ஹியர்பை போட்டு நான் ஒட்டிவிட்டதை எமனே வந்தாலும் அறுக்க முடியாது."

இதைச் சொன்னவர் தங்கவேலு சயா. சொன்ன இடம் ரங்கூன், கியாக்டடா, சூலே பகோடாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் இனாயத்துல்லா பாயின் ஜெராக்ஸ் கடை. அந்தக் கடையின் முன்பாதியில் ஒரு மேசையும் ஒரு மடிக்கணினியும் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மனு, உறுதிமொழி, மொழிபெயர்ப்பு எல்லாம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வாத்தியாருக்குப் பர்மியர் தரும் மரியாதைப் பெயர் சயா. தங்கவேலு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்லர். ஆனாலும் நாற்பது வருடம் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

அந்தச் சொல்லின் மகிமையை வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். நம் பழைய பத்திரங்களில் 'இத்தால்' என்று ஒன்று வருமே, அதற்கு இங்கிலீஷ்காரர் வீட்டு அண்ணன் இந்த ஹியர்பை. "நாளைக்குச் செய்றேன்னா அது வாக்கு. நேத்துச் செஞ்சேன்னா அது சேதி. ஹியர்பை போட்டா, எழுதி முடிக்கிறப்பவே காரியமும் முடிஞ்சிருக்கும்" என்பது சயாவின் உரை. கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கு இன்னும் விரிவாகச் சொல்வார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க சயா" என்பார் இனாயத்துல்லா, நின்றுபோன இயந்திரத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. "ஹியர்பை கரண்ட் வந்துடுச்சுன்னு ஒரு வரி அடிங்க. மெஷின் நின்னு ஒரு மணி நேரமாச்சு."

"கரண்டுக்கெல்லாம் அது செல்லாது பாய். மழை, பசி, பொண்டாட்டி கோபம், கரண்டு, இதெல்லாம் எழுதி வர்றதில்ல. எழுதினாலே நடந்துடுற காரியம்னு சிலது இருக்கு. அறிவிக்கிறேன், அனுமதிக்கிறேன், ரத்து பண்றேன், விலக்கி வைக்கிறேன். அதுக்குத்தான் போடணும்."

"எமனுக்கு மட்டும் செல்லுமாக்கும்."

"எமன் படிச்சவன் பாய்."

மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் போட்டே தீரவேண்டும் என்று மளிகைக் கடை அப்பாசாமி ஒருமுறை வந்து நின்றார். சயா மறுத்துவிட்டார். "ஹியர்பை அழைக்கிறோம்னா போலீஸ் சம்மன் மாதிரி இருக்கும். வர்றவன் வக்கீலோடதான் வருவான்." தகுதியில்லாத இடத்தில் அந்தச் சொல்லை அவர் உட்கார வைப்பதில்லை. தகுதியுள்ள இடத்தில் உட்கார வைத்தால், அதன் அடியில் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத்தான் தாளைக் கையில் கொடுப்பார். "ஆபீசருக்கு நூறு தாள் வரும். அவன் கண்ணு முதல்ல எங்க விழணுமோ அங்க கோடு போடணும். மத்ததை அவன் படிக்கவே வேணாம்."

தொழில் படுத்துவிட்டதோ என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். ஊர் எவ்வளவு வேகமாகக் காலியானதோ அவ்வளவு வேகமாக சயாவின் மேசை நிறைந்தது. பாங்காக் போகிறவர், மலேசியா போகிறவர், துபாய் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாதவர், எல்லாருக்கும் தாள் தேவைப்பட்டது. அதிலும் நம்மவர்களுக்கு ஒரு தாள் கூடுதல். வீட்டில் ஒரு பெயர், அரசாங்க அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று வாழ்கிற சாதி நம்முடையது. பூசாரிக்குச் சொல்லும் பெயர் தமிழில் இருக்கும். அரசாங்கத்துக்குச் சொல்லும் பெயர் பர்மியத்தில் இருக்கும். இரண்டும் ஒரே ஆசாமிதான் என்று வெளிநாட்டுக்காரன் நம்பவேண்டுமானால் அதற்கு 'ஒரே ஆள் கடிதம்' என்று ஒன்று வேண்டும். சயா அதில் மன்னன். "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என இத்தால் உறுதிகூறுகிறேன்." இரண்டு நிமிட வேலை. நாற்பது வருடத்தில் எத்தனையோ இரட்டைப் பெயர்களை இப்படி ஒற்றை ஆளாக்கி அனுப்பியிருக்கிறார்.

அவருக்கும் அட்டையில் 'ஊ தான் வே' என்று ஒரு பர்மியப் பெயர். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில், மனைவி கமலாட்சியிடம் மட்டும் அவருக்குப் பெயரே கிடையாது, 'என்னங்க' தான். ஒரே மகன், வீட்டில் பிரேம்நாத், அட்டையில் ஜோ லின். கைப்பேசி பழுதுபார்ப்பவன். வயது இருபத்தைந்து. அப்பாவின் சொல்லை வீட்டுக்குள் இழுத்து வந்து கேலி செய்வது அவனுக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்.

"ஐ ஹியர்பை ரெஃப்யூஸ் திஸ் கத்திரிக்காய்" என்பான், தட்டை நகர்த்திக்கொண்டே.

கமலாட்சி கரண்டியை ஓங்குவாள். சயா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசிப்பார். "சரியாத்தான் போட்டிருக்கான் கமலா. மறுக்கிறேன்னு சொன்னாலே மறுத்தாச்சு. சரியான இடம்."

"அப்ப கத்திரிக்காய் வேணாமா?"

"வேணாம்னு பத்திரம் ஆயிடுச்சு. எனக்குப் போடு."

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அந்தப் பட்டியல் வந்தது. எந்தப் பட்டியல் என்று ரங்கூன்காரருக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை உள்ள ஆண்பிள்ளைகளைப் படைக்கு எடுக்கும் பட்டியல். தெருத்தெருவாகச் சீட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறைகூடக் குலுக்கலில் பென்சில் விழாத பையனுக்கு, அந்தச் சீட்டு முதல் குலுக்கலிலேயே விழுந்தது.

மறுநாள் காலையில் பிரேம்நாத் பழுதுபார்க்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன் போலவே போனான். அம்மாவிடம் டிபன் டப்பாவும் வாங்கிக்கொண்டான். ஐந்தாம் நாள் எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் மே சொட் ஊரிலிருந்து பேசினான். இனாயத்துல்லாவின் தங்கை மகன் யாசர் அங்கே ஓர் ஐஸ் ஃபேக்டரியில் இருந்தான். அவனோடு சேர்ந்துகொண்டான்.

ஆறாம் நாள் வார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தான். "பையன் இல்லைன்னா வீட்டுக்காரங்கதானே பதில் சொல்லணும் சயா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "இல்ல, பையன் உங்க பையனே இல்லைன்னா, அது வேற."

அது வேறு. அதற்கும் இந்த நாட்டில் ஒரு தாள் இருக்கிறது. பிள்ளை சொல் கேட்காவிட்டால், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டால், பெற்றவர்கள் நாளிதழில் விளம்பரம் கொடுப்பார்கள். 'பெற்றோர் மனம் நோக நடந்துகொண்டதால் இன்றுமுதல் இவன் எங்கள் மகன் அல்ல, இவன் சம்பந்தப்பட்ட எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல.' முன்பு மாதம் ஒன்று வரும். கொஞ்ச வருடங்களாக மனம் நோகாத பெற்றோர்களும் வரிசையில் நின்று இதைக் கொடுத்தார்கள். பயத்தால் கொடுக்கிறார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும், அச்சடித்தவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். சயாவே அப்படி எத்தனையோ எழுதிக் கொடுத்திருந்தார். 'எமனே வந்தாலும் ஒட்ட முடியாது' என்ற வாக்கியம் அந்த அப்பாக்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் வாயில் பழகியது. கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களுக்கு அவர் தைரியம் சொல்லும் முறை அது.

தன் முறை வந்தபோது அவர் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் நமக்குச் சொல்ல இவ்வளவு இருந்திருக்காது. பர்மிய நாளிதழில் நான்கு வரி கொடுத்தார். வார்டு ஆபீசுக்கு அது போதும். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பது வருடத் தொழில் சும்மா விடுமா? ஆங்கில நாளிதழிலும் ஒன்று கொடுத்தார். வார்டு ஆபீசில் ஆங்கிலம் படிப்பவர் ஒருவரும் கிடையாது. "எதுக்குங்க அது?" என்று கமலாட்சி கேட்டதற்கு, "அதுலதான் அந்த வார்த்தை சரியா உக்காரும்" என்றார். உட்கார்ந்தது. 'ஊ தான் வே ஆகிய நான், என் மகன் ஜோ லினை இத்தால் விலக்கி வைக்கிறேன்.' மகனின் அட்டை எண், தகப்பனின் அட்டை எண், பிறந்த தேதி, ஒன்றிலும் பிழையில்லை. இரண்டையும் வெட்டிப் பிளாஸ்டிக் உறையிட்டு, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கீழ் வழக்கம்போல் கோடும் போட்டு, ஒன்றை வார்டு ஆபீசில் கொடுத்தார், மற்றதைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டு ஆள் பட்டியலில் மூன்று இருந்த இடத்தில் இரண்டு என்று புதிதாக எழுதி முத்திரை குத்தினார்கள். பழைய பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் கமலாட்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சயா அவள் முதுகைப் பார்த்து வாதாடினார்.

"இந்தா கமலா, பேப்பர்ல இருக்கிறது ஜோ லின். ஜோ லினைத்தான் விட்டிருக்கேன். பிரேமை யாரு விட்டா?"

அவள் திரும்பவில்லை. "ஜோ லினை யாரு பெத்தா?"

நாற்பது வருடமாக இரண்டு பெயரை ஒரு ஆளாக்கியவர், ஒரு ஆளை இரண்டாக்கப் பார்த்த முதல் முயற்சி அது. அந்த வழக்கு அன்று அடுப்படியிலேயே தள்ளுபடியாயிற்று.

ஆனால் மகன் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டான். அதுதான் கொடுமை. விளம்பரத்தை யாரோ கைப்பேசியில் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் அப்பாவுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். சிரித்துக்கொண்டுதான் பேசியிருந்தான். "அப்பா, பாத்தேன். வார்த்தை நல்லா விழுந்திருக்கு. சரியான இடம்." கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம். "அம்மா சொன்னாங்க, ஜோ லினுக்குத்தான் அப்பா இல்லைன்னு. அதனால இங்க எல்லார்கிட்டயும் பிரேம்நாத்துன்னே சொல்லிட்டேன். அவனுக்கு அப்பா இருக்காருல்ல."

சயா இதைக் கேட்டுவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு மலேசியா விசாக் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழை விட்டார். அவர் பிழை விட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்ததாக இனாயத்துல்லா சொல்கிறார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம். மாதம் இரண்டு முறை அம்மாவோடு பேசுவான். சயா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், பேசமாட்டார். விலக்கி வைத்தவன் பேசினால் சட்டப்படி அது முரண் என்று காரணம் சொன்னார். ஆனால் பேச்சு முடிந்ததும், "என்ன சாப்பிட்டானாம்?" என்று கேட்பார். காதில் விழுந்ததையே மறுபடி கேட்பார். கமலாட்சி ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்வாள்.

இந்த வருடம் மழை பிடித்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இனாயத்துல்லாவின் கைப்பேசி அடித்தது. பேசி முடித்தவர் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது அவர் அதை நிறுத்திப் பார்த்தவர் கிடையாது. சயாவின் மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சயா, யாசர் பேசினான்."

சயா தட்டச்சை நிறுத்தவில்லை. "என்னவாம்?"

"பிரேமுக்குக் காய்ச்சல். நாலு நாளா. கொசுக் காய்ச்சல்தான்னு சொன்னாங்களாம். நேத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம்." அவர் மேசைமேல் இருந்த அளவுகோலை எடுத்துத் திரும்ப வைத்தார். "காலைல அஞ்சு மணிக்கு முடிஞ்சுபோச்சு சயா."

சயா அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தார். முற்றுப்புள்ளி வைத்தார். சேமித்தார். பிறகு அவர் கை தட்டச்சுப் பலகையின் மேலேயே கிடந்தது, திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடியது. இனாயத்துல்லா எட்டி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே பஸ்கள் கத்திக்கொண்டு போயின. பிறகு பாய் மீதியைச் சொன்னார். சொல்லாமல் விடமுடியாத மீதி அது. ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கும் பெயர் பிரேம்நாத். பையில் கிடைத்த அட்டை நகலில் ஜோ லின். பெயரும் அட்டையும் ஒட்டவில்லை, உறவென்று யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்காரர்களே எண் போட்டு எரித்துவிடுவார்கள். நாளை மத்தியானம் வரை வைத்திருப்பார்களாம். அதற்குள் இரண்டும் ஒரே ஆள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம், தகப்பன் என்பதற்கு ஓர் அத்தாட்சி, யாசரிடம் கொடுக்கலாம் என்று ஒரு சம்மதம், மூன்றும் வந்தால் போதும். படமெடுத்து அனுப்பினாலே போதும். யாசர் அங்கே விகாரையில் பெயர் சொல்லி எரித்து, சாம்பலை அனுப்பிவைப்பான்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றார் இனாயத்துல்லா, குரலை இறக்கி. "நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா, நாளைக்கு வார்டு ஆபீசுக்குத் தெரிஞ்சா, அந்த விளம்பரம் பொய்யின்னு ஆயிடும். பையன் இருந்த இடமும் உங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். என் பேர்ல எழுதுங்க. தாய்மாமன்னு போட்டுக்கறேன். அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

சயா அவர் பக்கம் திரும்பினார். "உன் பேரு இனாயத்துல்லா. பிரேம்நாத்துக்கு நீ எப்படிய்யா தாய்மாமன்?"

"அட்டையில நான் மாவ் மாவ் தானே."

சயாவின் உதடு ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம். "வேணாம் பாய்" என்றார்.

இரண்டு நிமிட வேலை என்று முன்பே சொன்னோம். கடிதத்தின் மாதிரி கணினியிலேயே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும். சயா பத்தே காலுக்கு ஆரம்பித்தார். பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள், பாய் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சயா ஒரு வரி அடிப்பார், அழிப்பார், அதையே திரும்ப அடிப்பார். நடுவில் எழுந்து தெருவோரம் போய் நின்று கமலாட்சிக்குப் போன் செய்தார். என்ன சொன்னார் என்று பாய்க்குக் கேட்கவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதுதான் தெரிந்தது. பிறகு வந்து உட்கார்ந்து மறுபடி அடித்தார். ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது. இரண்டு மணிக்குத் தாள் வெளியே வந்தது.

படமெடுக்கும் முன் இனாயத்துல்லா அதைப் படித்தார். நாற்பது வருடச் சகவாசத்தில் அந்தக் கடிதம் அவருக்கு மனப்பாடம். இருமுறை படித்தார். பிரேம்நாத்தும் ஜோ லினும் ஒருவரே. நான் அவருடைய தகப்பன். அவரை யாசரிடம் கொடுங்கள். அவ்வளவுதான் இருந்தது.

"சயா, அந்த வார்த்தை இல்லையே."

"இடம் இல்ல பாய்."

தாளில் முக்கால் பாகம் வெள்ளையாகக் கிடந்தது. பாய் கண்ணைத் தாளின் அடிக்குக் கொண்டுபோனார். கையெழுத்து இரண்டாகப் போடப்பட்டிருந்தது. பர்மியத்தில் ஊ தான் வே. அதன் அடியில் தமிழில் தங்கவேலு.

"இது சரி. தகப்பன்னு அத்தாட்சி கேட்டாங்களே. வீட்டுப் பட்டியல்?"

"அதுல இப்ப ரெண்டு பேர்தான்."

"பழசோட நகல்?"

"எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

ஊரில் உள்ளவர்கள் தாளையெல்லாம் இரண்டு நகல் எடுத்து வைக்கச் சொன்னவர், தன் வீட்டுத் தாளை ஒரு நகல்கூட எடுக்காமல் கொடுத்திருந்தார். அதுவும் ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு. 

சயா காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துத் துழாவினார். பிளாஸ்டிக் உறையிட்ட ஆங்கில விளம்பரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அச்சடித்த தாள். நாளிதழின் பெயர் மேலே இருக்கிறது. தேதி இருக்கிறது. இருவர் அட்டை எண்ணும் இருக்கிறது. ஒருவனை மகன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவன் மகன் என்று அச்சில் சொல்லியாக வேண்டும் அல்லவா? சயா அதை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லியிருந்தார். அதுவும் மே சொட்டில் படிக்கக்கூடிய ஆங்கிலத்தில்.

"இதையும் சேத்து அனுப்பு."

"சயா, இதுல உங்க மகன் இல்லைன்னுல்ல இருக்கு."

"அங்க தாளப் பாக்குறவன் எல்லாத்தையும் படிக்க மாட்டான். எங்க கோடு இருக்கோ அதைத்தான் படிப்பான்."

உறையின் ஓரத்தைக் கத்தியால் கீறி விளம்பரத்தை வெளியே எடுத்தார். ஏற்கெனவே ஹியர்பை என்ற சொல்லின் கீழ் அவரே போட்ட சிவப்புக் கோடு இருந்தது. அதை வெள்ளை மையால் மெதுவாக அழித்து, ஊதிக் காயவைத்தார். பிறகு அளவுகோலை எடுத்து, அதே வரியில் கொஞ்சம் தள்ளி வைத்தார். வாழ்நாளில் ஒரு கோட்டையும் கோணலாகப் போடாதவர், அந்தக் கோட்டை இரண்டு தடவையாகப் போட்டார். 'என் மகன்' என்ற இரண்டு சொல்லின் கீழ் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. தாளை இனாயத்துல்லாவிடம் நீட்டினார்.